ஆண்டறிக்கை: 36 பேர் ரெடி, மிச்சம் ஸ்ப்ரூல தொங்குது

தலைவர் அண்ணனுக்கும் மெம்பருங்க எல்லாருக்கும் வணக்கம். புதுசா படிக்கிறவங்களுக்கு: நம்ம சங்கம் நெப்போலியன் காலத்துச் சண்டையை டேபிள் மேல ஆடுறதுக்காக குட்டி பிளாஸ்டிக் சோல்ஜர் பொம்மைங்கள ஒட்டி பெயின்ட் அடிக்கிற சங்கம், ஸ்ப்ரூங்கிறது பொம்மைத் துண்டுங்க ஒட்டிக்கிட்டே வர்ற பிளாஸ்டிக் ஃப்ரேம். நாட்டிங்ஹாம்ல குடியிருந்துக்கிட்டு பொம்மை வாங்காம இருக்கிறது திருநெல்வேலில இருந்துக்கிட்டு அல்வா வாங்காம இருக்கிற கதைதான், பெர்ரி, வார்லார்ட்னு பொம்மை தயாரிக்கிற பெரிய நிறுவனங்க இந்த ஊர்லயே இருக்கு, அதனால இந்த வருஷமும் வாங்கினது நிறைய, முடிச்சது கொஞ்சம். போன பொதுக்குழுவுல பேசினபடி பெயின்ட் அடிச்சு பேஸ்ல, அதான் நிக்க வைக்கிற அடித்தட்டுல, ஒட்டின ஆளை மட்டும்தான் கணக்குல சேத்திருக்கேன். அப்படிப் பாத்தா பிரெஞ்சு காலாட்படை ஒரு பட்டாலியன், 36 பேர். அவ்வளவுதான்.

ஏன் 36ன்னு புதுசா சேந்த தம்பி கேட்டாப்ல. 1808 பிப்ரவரில நெப்போலியன் போட்ட ஆணைப்படி பட்டாலியனுக்கு 6 கம்பெனி, நாலு ஃபூசிலியர் (சாதாரணக் காலாட்கள்), ஒரு கிரெனடியர் (தேர்ந்தெடுத்த திடகாத்திரமான ஆளுங்க), ஒரு வோல்டிஜர் (முன்னாடி சிதறி நின்னு சுடுற ஆளுங்க), கம்பெனிக்கு 140 பேர்னு மொத்தம் 840. நாம கம்பெனிக்கு ஆறு பொம்மை வெச்சோம், ஆக ஒரு பொம்மை கிட்டத்தட்ட 23 பேருக்குச் சமம், அதனால பேயனெட்ட, அதான் துப்பாக்கி முனைக் கத்திய, ஒடிச்சவங்க தயவுசெஞ்சு சத்தமில்லாம பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போகாதீங்க.

இந்த நாலு ஃபூசிலியர் கம்பெனிக்கும் ஷாக்கோங்கிற உசரமான தொப்பி மேல இருக்கிற பாம்பான், அதான் குஞ்சம், அதோட கலர்தான் அடையாளம், முதல் கம்பெனிக்கு கரும்பச்சை, அடுத்து ஆகாச நீலம், ஆரஞ்சு, கத்திரிப்பூ கலர். பொருளாளர் ராத்திரி டேபிள் லேம்ப் வெளிச்சத்துல உக்காந்து 12 பேருக்குக் கரும்பச்சை அடிச்சுட்டாரு, ரெண்டு மாசம் நாங்க யாரும் கவனிக்கல, டீ கொண்டு வந்த அண்ணிதான் ‘இதுல ரெண்டு முதல் கம்பெனி இருக்கே’ன்னாங்க. அண்ணியை மெம்பரா சேக்கணும்னு இதன் மூலமா முன்மொழியறேன்.

கோட் விவகாரம் இன்னும் முடியல. நம்ம ஆளுங்க போட்டிருக்கிறது முன்னாடி திறந்த, வால் நீண்ட பழைய கோட், 1809 வாக்ராம் சண்டைக்குச் சரி. 1812ல பார்டின் விதின்னு பிரெஞ்சு ராணுவத்துக்குப் புது யூனிஃபார்ம் விதி வந்து இடுப்பு வரைக்கும் மூடின, வால் குட்டையான கோட் ஆச்சு, அப்ப 1815 வாட்டர்லூல இவங்களை நிறுத்தலாமான்னு ஒரு சனிக்கிழமை பூரா சண்டை, ஆட்டமே நடக்கல. அடுத்த பட்டாலியனுக்கு மொத்தமா கிரேட்கோட், அதான் மேல போடுற நீள ஓவர்கோட், போட்டுடலாம், உள்ள என்ன கோட்னு எவனும் கேக்க முடியாது. இது என் யோசனைதான்.

இனி என் தப்பு. நவம்பர்ல மழை விட்ட கேப்புல ஷெட் வாசல்ல வெச்சு பெயின்ட்டைக் காக்குற மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சேன், ஈரக்காத்து, காலைல பாத்தா 24 பேர் திருநீறு பூசின மாதிரி வெள்ளையா நிக்கிறாங்க. வயித்தக் கலக்கிடுச்சு. நல்லவேளை பிரஷ்ல கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் ஒரு தடவை பூசினதும் கலர் திரும்பி வந்துச்சு, அதுக்கு மேல பிரஷ்லயே மேட் அடிச்சு சமாளிச்சாச்சு. இனி குளிர்காலத்துல ஸ்ப்ரே கிடையாது.

ஒட்டுறதப் பத்தி ஒண்ணு. பிளாஸ்டிக் சிமென்ட்ங்கிற பசை ரெண்டு பக்கத்தையும் உருக்கி ஒண்ணாக்கிடும், தலையைக் கோணலா வெச்சா அவன் ஆயுசுக்கும் கோணல்தான். தலைவர் அண்ணனோட சின்ன வயசு ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பொம்மை ஆளுங்க மெத்துன்னு வளையுற பிளாஸ்டிக், அதுல இந்த சிமென்ட் பிடிக்காது, துப்பாக்கி வளைஞ்சா பெயின்ட்டும் உரியும். அண்ணே, அதை அப்படியே நினைவுக்கு வெச்சுக்கோங்க.

பிரிட்டிஷ் பக்கம் 33வது ரெஜிமென்ட் ஆரம்பிச்சிருக்கோம், 10 பேர் வரைக்கும் ஒட்டியாச்சு. சிவப்புக் கோட்டுக்கு காலர், கஃப் எல்லாமே சிவப்பு, சோம்பேறிக்கு ஏத்த ரெஜிமென்ட். ஆனா நமக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கு, பின்னாடி வெலிங்டன் ஆன வெல்லஸ்லி, கர்னலா இருந்து திப்பு சுல்தானோட சண்டை போட ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போனது இவங்களைத்தான், 1799 ஏப்ரல் 5 ராத்திரி சுல்தான்பேட்டைத் தோப்புல இருட்டுல வழி தெரியாம அடிவாங்கினதும் இவங்கதான். 16 வருஷம் கழிச்சு அதே ஆளு வெலிங்டனா, அதே ரெஜிமென்ட் வாட்டர்லூல.

கணக்கு பொருளாளர் வாசிப்பாரு. பிரிக்காத பெட்டி எத்தனைன்னு இங்க எழுதல, வீட்ல இருக்கிறவங்களும் இதைப் படிப்பாங்க. அடுத்த கூட்டத்துக்கு வர்றவங்க சங்கத்து ஸ்ப்ரூ கட்டரைக் கொண்டு வாங்க, மூணு இருந்துச்சு, இப்ப அலமாரில ஒண்ணுதான் இருக்கு.

செயலாளர்