கூண்டு மாடியில் இருக்கையில் சிம்பன்சியைப் பற்றி என்ன பேசுவது?

மதிப்பிற்குரிய வனத்துறை அலுவலர் பெருமக்களுக்கு, பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் எழுதும் மடல். வணக்கம்.

கோடை முகாமுக்கு வரும் மாணவர்களிடம் மனிதக் குரங்குகளின் குடும்ப வாழ்வைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டு நீங்கள் அனுப்பிய அழைப்பிதழ் சென்ற திங்களன்று வந்து சேர்ந்தது. அட்டையில் தாய்ச் சிம்பன்சி ஒன்று குட்டியை மார்போடு அணைத்திருக்கும் படம் அழகாக அச்சாகியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் நின்றால், எதிரே ரேஷன் கடை மொட்டை மாடியில் நீங்கள் வைத்துவிட்டுப் போன குரங்குக் கூண்டு தெரிகிறது. குரங்குத் தொல்லை என்று மனுக் கொடுத்தவர்கள் யார், பங்குனியில் எத்தனை குரங்குகள் பிடிபட்டன, ஒகேனக்கல் மலைப்பாதையில் எந்த வளைவில் அவை இறக்கிவிடப்பட்டன என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். கோப்பில் இராத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

நாட்டுக் குரங்குகள் பெரும்பாலும் மாசி, பங்குனியை ஒட்டிக் குட்டி ஈனுகின்றன. வாழைப்பழமும் நிலக்கடலையும் வைத்த கூண்டுக்குள் பால் கொடுக்கும் மந்தி நுழையாமல் வேறு எது நுழையும்? அன்று விடியலில் கதவு விழுந்தபோது, ஒரு மந்தியின் குட்டி மட்டும் வெளியே இருந்தது. இரண்டு வயதிருக்கும் அதன் அக்காள் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்திருந்தது. பிடிபட்டவற்றை வண்டியிலிருந்த கூண்டுகளுக்கு மாற்றிக்கொண்டு உங்கள் ஆட்கள் போனபின், அந்தச் சிறு மந்தி இறங்கி வந்து வெறும் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. குட்டி கம்பிக்குள் கையை விட்டுத் துழாவியது. அதற்குப் பிறகு நான்கு நாள் அந்த அக்காள் குட்டியை இறக்கவே இல்லை. பேன் பார்த்தது, அணைத்தது, மடியில் பால்தான் இல்லை. ஐந்தாம் நாள் குட்டியின் தலை தொங்கிவிட்டது. மேலும் இரண்டு நாள் எறும்பைத் தட்டிவிட்டபடியே அதைச் சுமந்து திரிந்துவிட்டு, ஒரு மாலையில் என் வீட்டு ஓட்டின்மேல் வைத்துவிட்டுப் போயிற்று. முருங்கை மரத்தடியில் புதைத்தவன் நான்தான்.

உங்கள் முகாமில் நான் சொல்ல வேண்டிய கதைகளும் இவைதாம், ஐயா. கினி நாட்டின் போசுவில் 2003ஆம் ஆண்டு சுவாச நோயில் குட்டிகளைப் பறிகொடுத்த சிம்பன்சித் தாய்களில் ஒன்று, உலர்ந்துபோன உடலை 68 நாள் சுமந்து திரிந்தது. தான்சானியாவின் கோம்பேயில் 1960இல் சிம்பன்சி ஆய்வைத் தொடங்கிய ஜேன் குடால், ஃப்ளோ என்ற முதிய தாய் 1972இல் இறந்ததையும், தானே இரை தேடித் தின்னும் வயதை எட்டிவிட்ட அதன் எட்டு வயது மகன் ஃப்ளிண்ட் சில வாரங்களிலேயே சோர்ந்து இறந்துபோனதையும் பதிவு செய்தார். இவற்றைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, “ரேஷன் கடைக் கூண்டிலும் அப்படித்தானே சார் நடந்தது?” என்று கேட்டால், நான் யார் முகத்தைப் பார்ப்பது?

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: குட்டிகள் பால் குடிக்கும் மாதங்களில் கூண்டு வைக்காதீர்கள், மற்ற மாதங்களிலும் ஒரு கூட்டத்தைப் பாதி பிடித்து, பாதி விட்டு உடைக்காதீர்கள்.

குரங்கு செய்யும் சேதம் தெரியாதவன் பேசுவதாக எண்ண வேண்டாம். அரை ஏக்கர் நிலக்கடலையை நானும் இவற்றிடம் பறிகொடுத்திருக்கிறேன். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம், கூண்டு அந்தத் தொல்லையையும் தீர்க்கவில்லை என்பதுதான். சிம்பன்சிகளில் பெண்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும், ஆண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும். நம் நாட்டுக் குரங்குகளிடம் இது தலைகீழ். கடுவன்கள் வெளியேறும், பாட்டி, தாய், மகள் என்று மந்திகளே கூட்டத்தைக் கட்டிக் காக்கும். எந்த ஆலமரம் எப்போது பழுக்கும், எந்த வீட்டு நாய் கட்டியிருக்கும் என்பதெல்லாம் அந்த மூத்த மந்திகளுக்குத்தான் தெரியும். அவற்றை வண்டியில் ஏற்றிவிட்டீர்கள். எஞ்சியவை இரண்டாகப் பிரிந்து, முன்பு எட்டிப் பார்க்காத வீடுகளுக்குள்ளும் இன்று நுழைகின்றன. மலைப்பாதையில் விடப்பட்டவையோ, பழகாத காட்டுக்குள் போகாமல், சுற்றுலாப் பயணிகள் வீசும் சிப்ஸ் பொட்டலங்களுக்காகச் சாலையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் போன வாரம் பேருந்திலிருந்து பார்த்தேன். அங்குள்ள குடியிருப்பிலிருந்து உங்களுக்கு இன்னொரு மனு வந்திருக்கும்; வராவிட்டால் விரைவில் வரும்.

தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிர் இந்த நாட்டுக் குரங்கு. மைசூர்ப் பகுதியில் 25 ஆண்டுகளில் இதன் எண்ணிக்கை 65 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சாலையோர ஆல், அரசு, அத்தி மரங்கள் போனது அதற்கு ஒரு காரணம். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? அகலச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டி ஏலம் விட்டபோது, அவற்றில் குடியிருந்தவை எங்கே போகும் என்று எவரும் கேட்கவில்லை. வீட்டு ஓட்டின்மேல் வந்து நின்றபோது மட்டும் ‘ஆக்கிரமிப்பு’ என்கிறோம். சிம்பன்சியை நேசிப்பது எளிது. அது ஆப்பிரிக்காவில் இருக்கிறது, நம் ஓட்டைப் பிரிப்பதில்லை, அதன்மேல் யாரும் மனுவும் கொடுப்பதில்லை, அழைப்பிதழ் அட்டையில் பார்க்கவும் அழகாக இருக்கிறது.

மன்னிக்க வேண்டும், வயதான வாத்தியாருக்குப் பேச்சு நீண்டுவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக 2022இல் அரசு அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த அக்கறையில் சிறு பங்கு ஊருக்குள் இருக்கும் உயிருக்கும் கிடைக்கட்டும் என்றுதான் பணிவோடு கேட்கிறேன். குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போடுங்கள், சாலையோரத்தில் மீண்டும் ஆலும் அத்தியும் நடுங்கள், எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரைக் கொண்டு கருத்தடை செய்து அதே கூட்டத்தில் விடுங்கள். எதைச் செய்தாலும் தாயையும் குட்டியையும் பிரிக்கும் கூண்டு மட்டும் வேண்டாம்.

முகாமுக்கு நான் வருகிறேன். அதற்கு முன் அந்தக் கூண்டை எடுத்துச் செல்ல வண்டி அனுப்பி உதவ வேண்டுகிறேன்; மாடியிலிருந்து இறக்கி ஏற்றிவிட எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ரேஷன் கடைக்கு எதிர்வீட்டு ஆசிரியன்