ஏற்றத்திலும் கழற்றாத கண்ணாடி

கோத்தகிரி
செப்டம்பர் 14

அன்புள்ள ஜெகன்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மவுண்டன் பைக் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். அம்மாவுக்கு ஆடி மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது பஞ்சாங்கத்துப் பொடி எழுத்தை எனக்கு வாசித்துக் காட்டுகிற அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரியவள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரச் சொல்கிறேன். தேயிலை விலை பற்றி நேரில் பேசிக்கொள்வோம், கடிதத்தில் எழுதினால் தீராது.

தீபாவளி லீவில் சைக்கிளோடு மேலே வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. ஆனால் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசியும் கார்த்திகையும்தான் நல்ல மழைக்காலம். காலையில் எட்டு மணிக்கும் மூடுபனி விலகாது. அதனால் நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். "ஏற்றத்தில் கண்ணாடி மங்கிவிடுகிறது, கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். ஆவி படியாத கண்ணாடி எது வாங்கலாம்?" என்று கேட்டிருந்தாய். இதில் எனக்குக் கவலை தருவது அந்தப் "பையில் போட்டுவிடுகிறேன்".

இங்கே எஸ்டேட் பாதையின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கவாத்து செய்த தேயிலைச் செடி. கத்தி பட்ட குச்சியெல்லாம் சாய்வாகச் சீவப்பட்டு மேலே பார்த்து நிற்கும். பாதை ஓரத்தில் உண்ணிச்செடி வளைந்து வந்து முகத்தின் உயரத்தில் தொங்கும், அதன் தண்டில் முள் இருக்கிறது. முன்னால் போகிறவனின் டயர் சேறும் ஜல்லியும் வாரி அடிக்கும். வெறும் கண்ணோடு இதற்குள் இறங்குவது நம் ஊரில் சாதாரண விஷயம் இல்லை. செடி, கொடி, குச்சி கண்ணில் கீறினால் அதன் வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்கு ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் முக்கியமான காரணம், அதிகம் பாதிக்கப்படுவது வயல் வேலை செய்கிறவர்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நாட்டமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்புச் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும், ஆறினாலும் கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிடலாம். இதில் இன்னொன்றும் உண்டு. கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு வாங்கி விடுவது நம் ஆட்களின் பழக்கம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் இன்னும் மோசமாகும். குச்சி பட்டால் நேராகக் கண் டாக்டரிடம் போய்விடு.

அதனால் எது விலை உயர்ந்தது, எது பார்க்க எடுப்பாக இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். ஏற்றத்திலும் கழற்றத் தோன்றாத கண்ணாடிதான் உனக்கு வேண்டும்.

ஆவி ஏன் படிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கடையில் எதைப் பார்ப்பது என்பது தானாகத் தெரியும். உன் முகம் சூடு, வியர்வை ஈரம், மூச்சும் ஈரம். லென்ஸின் வெளிப்பக்கம் மலைக்காற்று பட்டுக் குளிர்ந்திருக்கிறது. முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் சிக்கிய ஈரக்காற்று, இட்லிப் பானை மூடியின் உள்பக்கம் போல, குளிர்ந்த இடத்தில் துளித்துளியாகப் படிந்துவிடுகிறது. இறக்கத்தில் காற்று வேகமாக உள்ளே புகுந்து ஈரத்தை அடித்துக்கொண்டு போய்விடுவதால் தொல்லை இல்லை. ஏற்றத்தில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும், வியர்வையோ ஆறாக ஓடும். அங்கேதான் மங்கும். ஏறி முடித்து மூச்சு வாங்க நிற்பாயே, அப்போது இன்னும் மோசம்.

1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9 விண்கலத்திலிருந்து வெளியே வந்த அமெரிக்க விண்வெளி வீரர் யூஜின் செர்னானுக்கும் இதேதான் நடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தார். பிடித்துக்கொள்ள வசதி இல்லாமல் உடம்பை முறுக்கி முறுக்கி வேலை செய்ததில் உடல் சூடாகி, உடைக்குள் ஓடிய காற்றால் அந்த வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்ற முடியாமல், முகக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. மூக்கு நுனியால் தேய்த்து ஒரு சின்ன ஓட்டை உண்டாக்கி அதன் வழியாகப் பார்த்திருக்கிறார். முதுகில் மாட்டிப் பறக்கும் கருவி ஒன்றைச் சோதிக்க வேண்டியிருந்தது, அதைச் செய்யாமலே திரும்பிவிட்டார்கள். பின்னால் 1972-இல் நிலவில் இறங்கி நடந்தவரும் அவர்தான். அவருக்கே அந்தக் கதி என்றால், உழைப்பு அதிகமாகவும் காற்றோட்டம் குறைவாகவும் இருக்கிற இடத்தில் எந்த லென்ஸும் திணறும் என்பதுதான் எனக்குப் படுகிறது.

ஆக, கடையில் முதலில் பார்க்க வேண்டியது காற்று போக வழி இருக்கிறதா என்பதை. லென்ஸின் மேல் விளிம்பு புருவத்தை ஒட்டி உட்காரக் கூடாது. புருவத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி வேண்டும், கீழே கன்னத்தின் பக்கத்திலும் அப்படித்தான். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும், கீழே இருந்து புதுக்காற்று உள்ளே வரும். லென்ஸின் மேல் ஓரத்தில் சின்னத் துவாரங்கள் வெட்டியிருந்தால் இன்னும் நல்லது. மூக்கின் மேல் உட்காரும் நோஸ் பேட் வளைக்கக்கூடிய ரப்பராக இருப்பதை வாங்கு. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எனக்கு இதுதான் பெரிய விஷயம். பேடை உள்பக்கமாக வளைத்து லென்ஸை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணை நன்றாகக் கொட்டிப் பார். இமை முடி லென்ஸைத் தொட்டால் அது உன் முகத்துக்கு ஆகாது. உன் ஹெல்மெட்டையும் கடைக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போ. ஹெல்மெட் விளிம்பு ஃபிரேமை அழுத்தினால் கண்ணாடி கீழே இறங்கும், மூச்சு நேராக அதில் போய் முட்டும்.

காகிள்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். உன்னுடையது முகம் திறந்த சாதாரண ஹெல்மெட் என்றால் வேண்டாம். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் போட்டு, வண்டியை மேலே ஏற்றிக்கொண்டுபோய் இறக்கம் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது பொருத்தம். ஸ்பாஞ்ச் முகத்தோடு ஒட்டி அடைப்பதால் சேறும் தூசியும் உள்ளே வராது, காற்றும் குறைவாகத்தான் வரும். அதற்காகத்தான் நல்ல காகிள்ஸில் இரண்டு லென்ஸ்களை நடுவில் காற்று இடைவெளி விட்டு ஒட்டியிருப்பார்கள். வெளி லென்ஸ் குளிர்ந்தாலும் உள் லென்ஸ் முகத்தின் சூட்டிலேயே இருக்கும், அதனால் ஆவி எளிதில் படியாது. ஒரே குறை, தண்ணீரில் ஊறவைத்தாலோ, வண்டியோடு சேர்த்து பிரஷர் பம்பில் அடித்தாலோ அந்த இடைவெளிக்குள் தண்ணீர் புகுந்துவிடலாம். புகுந்துவிட்டால் துடைக்க வழி இல்லை.

அப்புறம் கோட்டிங். ஆவி படியாத கோட்டிங் என்றால் தண்ணீரே வராது என்று அர்த்தம் இல்லை. தண்ணீரைத் துளியாக நிற்க விடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். துளிகள்தான் ஒளியைச் சிதறடிக்கும், படலத்தின் வழியாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஐரோப்பிய முறைச் சோதனையில் ஈர வெப்பக் காற்றில் 8 விநாடி தாங்கினாலே தேறிவிடும். நீ ஏறப்போகிற ஏற்றம் அரை மணி நேரம். ஆகையால் கோட்டிங்கை மட்டும் நம்பி, காற்றோட்டம் இல்லாத ஃபிரேமை வாங்கிவிடாதே.

இந்தக் கோட்டிங் தேய்ந்து போகிற சமாசாரம். நனைந்த நிலையில் உள்பக்கத்தைச் சட்டை நுனியால் துடைக்கவே கூடாது. தண்ணீரில் அலசி, உதறி, காயவிடு. அவசரம் என்றால் மெல்லிய துணியால் ஒற்றியெடு, தேய்க்காதே. கோட்டிங் போய்விட்ட பழைய லென்ஸுக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போட்ட தண்ணீரில் முக்கி, துடைக்காமல் உலர விட்டால் போதும். சோப்பும் தண்ணீரைப் பரப்புகிற வேலையைத்தான் செய்கிறது. கொரோனா காலத்தில் முகக்கவசமும் கண்ணாடியும் சேர்த்துப் போட்டவர்கள் எல்லாரும் இதைக் கற்றுக்கொண்டார்கள். பற்பசை தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதில் இருக்கிற நுண்துகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லென்ஸைக் கீறிவிடும்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாகத்தான் இருக்க வேண்டும், அல்லது டிரைவெக்ஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக். இரண்டும் அடி தாங்கும், புற ஊதாக் கதிரையும் தடுக்கும். உடைகிற நிஜக் கண்ணாடியில் செய்த லென்ஸ் கூடவே கூடாது. இதில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. நீ இருக்கிற ஊர் ஃபவுண்டரியும் பம்பு செட்டும் லேத் பட்டறையும் நிறைந்த ஊர். பட்டறைக்காரர்களுக்குப் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடையில், முகத்தைச் சுற்றி வளைந்து வருகிற பாலிகார்பனேட் கண்ணாடி கிடைக்கும். லென்ஸின் ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும், உற்றுப் பார். ஐரோப்பியத் தரமான இ.என். 166-இல் 'எஃப்' என்றால் விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலே, வரும் சிறு எஃகுக் குண்டைத் தாங்கும் என்று பொருள். 'என்' என்றால் அந்த ஆவிச் சோதனையில் தேறியது. அமெரிக்கத் தரத்தில் இசட்87 என்ற குறிக்குப் பக்கத்தில் அடி தாங்கும் என்பதைக் காட்டும் ஒரு கூட்டல் குறி இருக்க வேண்டும், 2020 முதல் ஆவி படியாததற்கு 'எக்ஸ்' குறியும் போடுகிறார்கள். சைக்கிள் கடைகளில் விற்பது பெரும்பாலும் குளிர்க்கண்ணாடித் தரத்தில் வருவது. அதில் இந்தக் குறிகளை எதிர்பார்க்க முடியாது. உனக்குப் பவர் இல்லாமல் இருந்திருந்தால் நேராகப் பட்டறைக் கடைக்குத்தான் போகச் சொல்லியிருப்பேன். மாட்டிப் பார்த்து, மேலே சொன்ன இடைவெளி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் உனக்குப் பவர் இருக்கிறது, வெள்ளெழுத்தும் வந்துவிட்டது என்கிறாய். லென்ஸுக்குப் பின்னால் தனியாகப் பவர் லென்ஸ் செருகுகிற இன்செர்ட் மாடல்களைத் தவிர்த்துவிடு. ஒன்றுக்கு இரண்டாக லென்ஸ், உள்ளே இருப்பது முகத்துக்கு இன்னும் கிட்டே, இரண்டிலும் ஆவி படியும், இடையில் துடைக்கவும் முடியாது. தூரப் பார்வைக்கு மட்டும் பவர் போட்டு, பாலிகார்பனேட்டில் நேரடியாகச் செய்துகொள்வதுதான் நல்லது. மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் வருகிற புரோகிரசிவ் சைக்கிளுக்கு வேண்டாம். கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் முன் டயர் பக்கத்துக் கல்லும் வேரும் மங்கலாகத் தெரியும், இறக்கத்தில் அது ஆபத்து. ரொம்ப வளைந்த ஃபிரேமில் எல்லாப் பவரும் சரியாக உட்காராது, கண்ணாடிக் கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடு.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. இங்கே சில்வர் ஓக் நிழலும் வெயிலும் மாறி மாறி வரும், மழை நாளில் வெயிலே வராது. கறுப்புக் கண்ணாடி வேண்டாம். நிறமற்றதோ, லேசான ரோஸ் நிறமோ போதும். அட்டையில் ஒளி வகை எண் போட்டிருப்பார்கள்: 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் ஒளியை விடும், 3 என்றால் 8 முதல் 18 சதவீதம்தான். நீ 0 அல்லது 1 எடு. வெயிலில் தானாகக் கறுக்கிற லென்ஸ் வசதிதான், ஆனால் குளிரில் அது நன்றாகக் கறுத்து, மெதுவாகத்தான் தெளியும். பளபளப்பை வடிகட்டுகிற போலரைஸ்ட் லென்ஸ் எனக்குப் பிடிக்காது. ஈர வேரின் பளபளப்பைப் பார்த்துத்தானே வழுக்கும் என்று தெரிந்துகொள்கிறோம்? அதையே அது மறைத்துவிடுகிறது.

ஓட்டும்போது சில பழக்கங்கள் வேண்டும். நெற்றியில் மெல்லிய வியர்வைப் பட்டை கட்டிக்கொள், ஹெல்மெட்டுக்குள் இருக்கிற பேடு நனைந்துவிட்டால் வியர்வை நேராக லென்ஸின் உள்பக்கம்தான் சொட்டும். ஏற்றத்தில் கண்ணாடியை மூக்கில் ஒரு விரல் கடை கீழே இறக்கிவிடலாம், கண் மறைவாகவே இருக்கும், காற்றும் போகும். நிற்கும்போது நெற்றிக்கு ஏற்றி வைக்காதே, நெற்றியின் சூடும் ஈரமும் முழுவதும் அதில் ஏறிவிடும். காற்று வருகிற பக்கம் பார்த்து நில், தானாகத் தெளியும். மூடுபனியில் காட்டெருமை பாதை நடுவில் நின்றால் கிட்டே போனபிறகுதான் தெரிகிறது, கரடி நடமாட்டமும் உண்டு. அதனால் லென்ஸ் தெளியாமல் இறக்கத்தில் வண்டியை விடவே கூடாது. நான் உன்னை எஸ்டேட் பாதையில்தான் கூட்டிப்போவேன், அனுமதி கேட்டு வைக்கிறேன். காப்புக்காட்டுக்குள் போகப்போவதில்லை.

உன் பவர் சீட்டையும் ஹெல்மெட் அளவையும் எழுதி அனுப்பு. கண்ணாடியை இப்போதே செய்யக் கொடுத்துவிடு, தீபாவளிக் கூட்டத்தில் எந்தக் கடையிலும் சொன்ன நாளில் தர மாட்டார்கள். முடிந்தால் அதைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் மருதமலைப் பக்கம் ஏதாவது ஒரு ஏற்றத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, எங்கே மங்குகிறது என்று எழுது. மேலோரமா, மூக்குப் பக்கமா என்று தெரிந்தால் நோஸ் பேடை எப்படி வளைப்பது என்று சொல்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மா உனக்காக வரகு முறுக்கு சுட்டு வைப்பதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன்,
பாஸ்கர்