கேபிள் விலை பற்றி நம்ம வாடிக்கையாளர்களுக்கு

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

பெருமாள்புரம் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் நம்ம கடையைப் பற்றி ஒரு குரல் பதிவு சுற்றுகிறது, உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிற அதே கேட் 6 கேபிளை (வீட்டுக்குள் இன்டர்நெட்டுக்கு இழுக்கிற கேபிளில் ஒரு ரகம்) நாங்கள் இரட்டை விலைக்கு விற்கிறோமாம். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘அதே கேபிள்’ என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த மலிவு கேபிளில் உள்கம்பி அலுமினியம், மேலே செம்பு முலாம் மட்டும். பெட்டியில் பொடி எழுத்தில் சிசிஏ என்று போட்டிருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே கனமில்லாமல் லேசாக இருப்பதில் தெரிந்துவிடும். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், நாலு தடவை வளைத்தால் முறியும், எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போனாலும் 1 ஜிபிபிஎஸ் (அதாவது 1000 எம்பிபிஎஸ்) வேகம் ஓடாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும், இல்லையென்றால் இணைப்பே வராது. கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கிற வீடுகளில் கம்பி சூடாவது வேறு. கடைசியில் திட்டு வாங்குவது நெட் கம்பெனிக்காரர்.

காசுதான் குறி என்றால், இதைவிட மேல் ரகமான கேட் 8 கேட்டு வருகிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். அது கம்பெனிகளின் பெரிய கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கிற டேட்டா சென்டருக்கானது, 30 மீட்டருக்குள் பயன்படுவது. 100, 200 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருக்கிற வீட்டுக்கு கேட் 6-க்கு ஒரு படி கீழே உள்ள சுத்தச் செம்பு கேட் 5இ போதும், 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் தாங்கும். புதுவீடு கட்டிச் சுவருக்குள் பைப் போட்டு இழுக்கிறவர்கள் மட்டும் கேட் 6 போடுங்கள், பூசின பிறகு மாற்றுவது பெரிய சோலி. மொட்டைமாடி வழியாகப் போகிற கேபிள் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை போட்டதாக இருக்கட்டும், நம்ம ஊர் வெயிலில் சாதாரண சாம்பல் உறை வெடித்துவிடும்.

செம்பு விலை ஏறியதால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம். அப்புறம், வேலை பார்த்த தம்பி சென்னைக்குப் போய்விட்டதால் வீட்டுக்கு வந்து கிரிம்ப் அடிப்பதற்கு (கேபிள் முனையில் பிளக் மாட்டுவதற்கு) இனி 150 ரூபாய்.

பழைய பிராட்பேண்ட் மோடம் காலத்திலிருந்து வருகிறவர்கள், அந்தப் பதிவைக் கேட்டதுமே எனக்காகப் பதில் சொன்னவர்கள், எல்லாருக்கும் மனசார நன்றி. வேறெங்கே வாங்கிய கேபிளாக இருந்தாலும் சரி, சந்தேகம் என்றால் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவாருங்கள், உங்கள் கண்முன்னாலேயே சுரண்டிக் காட்டுகிறேன். அதற்குக் காசு கிடையாது.