நெல் ஜெயராமன் நினைவு நாளில் பிள்ளைகள் கொண்டுவரும் விதைநெல்

அன்புடைய பெற்றோர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

வரும் டிசம்பர் 6 ஆம் நாள், மரபு நெல் வகைகளைத் தேடி மீட்டவரான, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன் அவர்களின் நினைவு நாள். 2018 இல், கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன மூன்றாவது வாரத்தில், தமது 50 ஆவது வயதில் புற்றுநோயால் அவர் காலமானார். கூரையும் கொல்லையும் இழந்து நின்ற நாள்களில் வந்த சாவு என்பதால், அவருக்காக மனம் விட்டு அழக்கூட நம்மில் பலருக்கு அப்போது இயலவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவோடு நடந்த 2003 நடைப்பயணத்தில் உழவர்களிடம் கிடைத்த சில மரபு நெல் வகைகளோடு தொடங்கிய அவரது தேடல், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், உப்பு நிலத்திலும் தாங்கி நிற்கும் குழியடிச்சான் என்று 174 வகைகளை மீட்டுக் கொடுத்தது. ஆனால் சேர்த்ததை விட, சேர்த்ததை அவர் பிரித்துக் கொடுத்த முறையே பெரிது என்பது என் எண்ணம். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார், பணம் வாங்கமாட்டார், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது மட்டுமே பேச்சு. ஒரு திருவிழாவில், முதியவர் ஒருவர் வாங்கிய நெல்லைத் துண்டில் முடிந்து, முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டதை நான் அருகில் நின்று பார்த்தேன். கடன் வாங்கியவரின் முகமாக அது இல்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டவரின் முகமாக இருந்தது.

விருதுகளும் வந்தன. நோயுற்ற காலத்திலும் விதைப் பணியை அவர் விடவில்லை. ஊருக்காக அலைபவரின் வீட்டில் பாதிப் பாரத்தைச் சுமப்பவர்கள் வீட்டார்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் போனபோது அவருடைய மகன் சிறுவன். ஆகவே அவரை நினைக்கும்போது அவர் மனைவியையும் மகனையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்.

சென்ற குறுவையில் நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பள்ளிக்குப் பின்புறம் உள்ள ஐந்து குழி அளவுள்ள சிறு நிலத்தில் பூங்கார் என்னும் மரபு நெல்லை நட்டு அறுத்ததை நீங்கள் அறிவீர்கள். காய வைத்த நெல்லில் ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்து, ‘டக்’கென்று முறிந்தால்தான் பானையில் இடலாம் என்று ஒரு மாணவியின் ஆச்சி வந்து கற்றுக்கொடுத்தார், அன்று மாலைக்குள் வகுப்பே நெல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. நொச்சி இலை இடையிட்டு மண்பானையில் கட்டி வைத்த அந்த விதையைத்தான் இப்போது பிரித்துக் கொடுக்கப் போகிறோம்.

டிசம்பர் 6 அன்று காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், விரும்பும் வீடுகளுக்குக் கால் கிலோ பூங்கார் வழங்கப்படும். அறுவடை முடிந்ததும் அரைக் கிலோவாகப் பள்ளிக்குத் திரும்பி வரவேண்டும். நிலமில்லாதவர்கள் தயங்க வேண்டாம். பழைய தொட்டியிலோ பாதியாக வெட்டிய டிரம்மிலோ சேறு நிரப்பி ஒரு பிடி நட்டாலும் போதும், விளைந்த அளவைக் கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். மழை, வெள்ளத்தால் பயிர் போனால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். மீண்டும் விதை தருகிறோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: விதைநெல்லைக் குத்தி உலையில் போட்டுவிடாதீர்கள்.

பழைய நெல் வகைகளைப் பயிரிட்ட தாத்தா, பாட்டிமார் இருந்தால், அன்று ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளோடு பேசுமாறு பணிவோடு அழைக்கிறேன். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்களே பிள்ளைகளை அழைத்து வருவோம்.

பிள்ளையிடம் ஒரு துணிப்பை கொடுத்து அனுப்புங்கள். விதை வாங்குவோரின் பெயரை எழுதும் பதிவேட்டில், ‘திரும்பி வந்த அளவு’ என்ற கட்டத்தை எட்டாம் வகுப்பு மாணவர்களே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்