கொக்கிய திட்டாதீங்க, மூக்கு தையல் எங்க போச்சுன்னு கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க மகளிர் பக்கத்துல ஒரு வாசகி எழுதியிருந்தாங்க, இந்த காலத்துலயும் ஜாக்கெட்டுக்கு கொக்கி எதுக்கு, எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டு ஜிப் வெச்சுக்கலாமேன்னு. படிச்சதுல இருந்து மனசு கேக்கல. நான் சேலம் அம்மாபேட்டையில இருபத்தி ரெண்டு வருஷமா வீட்டுல உக்காந்து டெய்லர் கடைங்களுக்கு ஹெம்மிங், அதான் ஓரம் மடிச்சு தைக்கறது, கொக்கி கட்ற வேலை பாக்கறவ. என் கையில போன கொக்கிய எண்ணிருந்தா நானே ஒரு மூட்டை கட்டிருப்பேன். அதனால இந்த விஷயத்துல பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை இருக்குன்னு நெனச்சு எழுதறேன், தப்பா இருந்தா மன்னிச்சிக்கோங்க, எழுத்துப்பிழையும் இருக்கும்.

மொதல்ல அந்தம்மா சொன்னது முழுசா பொய்யில்ல. கொக்கி கழண்டுக்குது, துரு ஏறுது, கறை பண்ணுது, எல்லாம் நெசம். எனக்கே ஆயிருக்கு. ரெண்டு வருஷம் முன்ன கோடை விழாவுக்கு பேத்திய கூட்டிட்டு ஏற்காடு பஸ்ல போனேன், அவசரத்துக்கு டவுன்ல ஒரு கடையில ரெடிமேடா எடுத்த ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு. சீட் கிடைக்கல, மேல கம்பிய பிடிச்சிட்டு நிக்கறேன். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, ஒவ்வொண்ணுலயும் பஸ் ஒரு பக்கம் தள்ளும், நாம கைய தூக்கி இழுத்து பிடிப்போம், அப்புறம் தளர விடுவோம். ஏழாவது எட்டாவது வளைவுலயே மேல இருந்து மூணாவது கொக்கி போச்சு. முந்தானைய இழுத்து போத்திக்கிட்டு, பக்கத்துல இருந்த அம்மா கிட்ட ஊக்கு கேட்டு வாங்கி சமாளிச்சேன். ஊருக்கெல்லாம் கொக்கி கட்டறவ ஊக்கு கடன் வாங்கின கதை இது, சிரிச்சுக்கோங்க.

வீட்டுக்கு வந்து அந்த ஜாக்கெட்ட திருப்பி பாத்தேன். அப்பவே புரிஞ்சு போச்சு. கொக்கி மேல தப்பில்ல.

எப்படின்னா, ஒரு கொக்கிய கையில எடுத்து நிதானமா பாருங்க. ஒரே ஒரு கம்பி தான். பின்னாடி ரெண்டு காது மாதிரி ரெண்டு வளையம், அதுல இருந்து ரெண்டு கம்பியும் ஒட்டுனாப்ல முன்னாடி போயி, அப்படியே மேல மடங்கி திரும்பி வரும், அதான் மூக்கு. ஏற்காடு ரோட்ல இருக்கற வளைவு மாதிரியே தான் இருக்கும். அந்த ரெண்டு காதையும் துணியோட சேத்து தைக்கணும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா மூக்கு கிட்ட, மடிப்புக்கு அடியில, அந்த ரெண்டு கம்பியையும் சேத்து குறுக்க ரெண்டு தையல் போட்டு துணியோட பிடிச்சு வெக்கணும். இத நாங்க மூக்கு தையல்னு சொல்லுவோம். அது இல்லன்னா என்னாகும், கொக்கி பின்பக்கம் மட்டும் ஒட்டிக்கிட்டு முன்பக்கம் எந்திரிச்சி எந்திரிச்சி நிக்கும், எதிர்ப்பக்கம் அது மாட்டற வளையம், அதான் கண்ணி, அத விட்டு தூக்கிக்கும், இல்ல பக்கவாட்டுல சாஞ்சிடும். நான் போட்டிருந்த ரெடிமேட்ல ஆறு கொக்கி, ஆறுலயும் காது தையல் மட்டும் தான். மூக்கு தையல் ஒண்ணு கூட இல்ல.

இன்னொரு விஷயம் சொல்றேன், இது நெறைய பேருக்கு தெரியாது. கொக்கி இழுத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் தான் பிடிக்கும். துணி இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இழுத்தா கொக்கி கண்ணிய நல்லா கவ்விக்கும், தளர்ந்தா தான் நழுவும். அதனால தான் ரொம்ப லூசா தைச்ச ஜாக்கெட்ல கொக்கி அடிக்கடி அவுந்துக்கும், டைட்டா இருந்தா அவுறாது, ஆனா நடுவுல வாய் பொளந்து நிக்கும், அது வேற தொல்லை. நம்ம செவ்வாய்ப்பேட்டை கொலுசு கொக்கியும் இதே கதை தானே, கால்ல கனமா தொங்கற கொலுசு கழலாது, லேசா தளர்வா சுத்திட்டு இருக்கறது தான் எங்கயாவது விழும், நாம பல்லால கடிச்சு கொக்கி வாயை நெருக்கி விடுவோம். ஜாக்கெட் கொக்கிய கூட அப்படி பல்லால கடிக்கற ஆளுங்க இருக்காங்க. பண்ணாதீங்க, பூச்சு உரிஞ்சிடும், பல்லும் போயிடும்.

இந்த தளர்ந்தா நழுவற பிரச்சனைக்கு நூறு வருஷத்துக்கு மேலயே வழி கண்டுபிடிச்சிட்டாங்களாம். என் பொண்ணு போன்ல தேடி படிச்சு காட்டினா. அமெரிக்காவுல பிலடெல்பியாவுல டிலாங்னு ஒரு கம்பெனி, 1890கள்ல, கம்பியில ஒரு சின்ன மேடு வெச்சு கொக்கி பண்ணாங்க. கண்ணி உள்ள போகும்போது மேட்ட தாண்டி போகும், திரும்பி வரணும்னா அந்த மேடு தடுக்கும். அந்த மேட்ட பாருங்கன்னே ஊரெல்லாம் விளம்பரம் பண்ணிருக்காங்க. இன்னைக்கு நம்ம ஊர் பேன்சி ஸ்டோர்ல அட்டையில வர நல்ல கொக்கிய எடுத்து வெரல்ல தடவி பாருங்க, அந்த மேடு இருக்கும். மலிவு கொக்கியில மேடு இருக்காது, இல்ல பேருக்கு லேசா இருக்கும். நான் வாங்கும்போது கண்ண மூடிட்டு கட்டை விரலால தடவி தான் வாங்குவேன், கடைக்கார தம்பி என்னக்கா ஜோசியம் பாக்கறியான்னு கேப்பான்.

அப்புறம் ஜிப்ப பத்தி அந்தம்மா ரொம்ப பெருமையா எழுதியிருந்தாங்க. ஜிப்போட பாட்டன் யாரு தெரியுமா, நம்ம கொக்கி தான். 1893ல சிகாகோ கண்காட்சியில ஜட்சன்னு ஒருத்தர் காட்டினாரு, பூட்ஸ் மாட்றதுக்கு, வரிசையா கொக்கியும் கண்ணியும் வெச்சு அதுக்கு மேல ஒரு தள்ளு கட்டைய ஓட்டி மூடற மாதிரி. அது சரியா பிடிக்காம அவுந்து அவுந்து போச்சாம். அப்புறம் சுண்ட்பேக்னு ஒரு இன்ஜினியர் 1913 வாக்குல பல்லு பல்லா மாத்தி இப்ப இருக்கற ஜிப் ஆச்சு. அதனால ஜிப் மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல, சொந்தக்கார பையன் தான். ஆனா ஜாக்கெட் முன்னாடி அவன் வேலைக்கு ஆக மாட்டான். ஜிப்ல ஒரு பல்லு போச்சுன்னா முழு ஜிப்பும் போச்சு, ரன்னர் கையோட வந்துடும். கொக்கியில ஒண்ணு போனா மிச்சம் அஞ்சு மானத்த காப்பாத்தும், வீட்டுல ஊசி நூல் இருந்தா ராத்திரியே கட்டிக்கலாம். பச்சை புள்ளைக்கு பால் குடுக்கற பொண்ணுக்கு கீழ ரெண்டு கொக்கி கழட்டினா போதும், ஜிப்ப எப்படி கீழ இருந்து தொறப்பா? அந்த ஒட்டற பட்டை, வெல்க்ரோங்கறாங்களே, அது இன்னும் மோசம், நம்ம இளம்பிள்ளை ஊர் சேலை முந்தானை அதுல பட்டுச்சுன்னா இழை இழையா உருவிடும், அனுபவிச்சவங்க சொல்லுவாங்க.

துரு விஷயத்துக்கு வரேன். எங்க அக்கா ஏற்காட்டுல காபி தோட்டத்துல வேலை, மழைக்காலத்துல பனிமூட்டம் இறங்கிட்டா துணி மூணு நாள் ஆனாலும் காயாது. அவ ஜாக்கெட்ட பாத்தா கொக்கி இருக்கற இடத்துல எல்லாம் செம்மண் கலர்ல வட்ட வட்டமா கறை. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு தேச்சு வெயில்ல வெச்சா கொஞ்சம் போகும், ஆனா துணி இத்து போகும். காரணம் என்னன்னா அது இரும்பு கம்பி, மேல பளபளன்னு பூச்சு மட்டும் தான். அந்த பூச்சு எங்க மொதல்ல வெடிக்கும், வளைவுல தான், மூக்கு மடிப்புலயும் காது வளையத்துலயும், சரியா துணி தொடற எடத்துல. வேர்வையும் ஈரமும் அதுக்குள்ள போயிடும்.

பித்தளை கொக்கி துரு பிடிக்காது. எப்படி கண்டுபிடிக்கறதுன்னா பிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கற காந்தம் இருக்குல்ல அத கிட்ட கொண்டு போங்க. டப்புனு ஒட்டினா இரும்பு. ஒட்டவே இல்லன்னா பித்தளையா இருக்கும். லேசா இழுத்தும் இழுக்காம இருந்தா ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கலாம், வளைச்சு இழுத்த கம்பி கொஞ்சம் காந்தத்துக்கு மசியும்னு எங்கண்ணன் சொல்லுவாரு, அவரு இரும்பாலையில வேலை பாத்து ரிடையர் ஆனவரு. அவரு கிட்ட நான் எப்பவும் சண்டை போடுவேன், ஊர் முழுக்க சேலம் ஸ்டெயின்லெஸ்னு பேரு, நாணயம் அடிக்க வட்டத் தகடு கூட நீங்க வெட்டி குடுத்தீங்க, எனக்கு துரு பிடிக்காத கொக்கி ஒரு டப்பா இந்த ஊர்ல கிடைக்க மாட்டேங்குதேன்னு. அவரு சிரிச்சிட்டு, நாங்க தகடு போடறோம், உனக்கு வேண்டியது கம்பி, பேன்ட்ல வெக்கற தட்டை கொக்கி வேணும்னா தகட்டுல அடிக்கலாம்னு சொல்லிட்டு போயிடுவாரு. ஞாயம் தான், ஆனா மனசு ஆறல.

கண்ணிய பத்தி ரெண்டு வார்த்தை. ஜாக்கெட்டுக்கு நாங்க பெரும்பாலும் கம்பி கண்ணி வெக்கறதில்ல, நூல் கண்ணி தான். நாலு இழைய குறுக்க ஓட்டி அதுக்கு மேல பட்டன் ஓட்டைக்கு போடற காஜா தையல் மாதிரி நெருக்கமா சுத்திட்டு வரணும். மெல்லிசு துணிக்கு அது தான் நல்லது, வெளிய தெரியாது, கறையும் வராது. ஆனா அளவு முக்கியம், கொக்கி மூக்கு நுழையற அகலம் இருந்தா போதும், அதுக்கு மேல ஒரு நெல் அளவு கூட விட்டா கொக்கி உள்ள ஆடும், ஆடினா நழுவும். பின்பக்கம் தொறக்கற ஜாக்கெட்டா இருந்து ரெண்டு ஓரமும் முட்டிக்கிட்டு நிக்கணும்னா, ஒரு கொக்கிய இந்த பக்கமும் அடுத்தத அந்த பக்கமும் மாத்தி மாத்தி வெச்சு தைப்பேன், ஒண்ணு நழுவற திசையில இன்னொண்ணு நழுவாது. உள்ளாடை விஷயம் எழுத கூச்சமா தான் இருக்கு, ஆனாலும் பொண்ணுங்களுக்கு சொல்லணும், அதுல மூணு வரிசை கண்ணி இருக்கறது மெலிஞ்சா குண்டானா மாட்டிக்கறதுக்கு மட்டும் இல்ல, புதுசுல கடைசி வரிசையில, அதான் ரொம்ப தளர்வான வரிசை, அதுல மாட்டணும், எலாஸ்டிக் தொய்ய தொய்ய உள் வரிசைக்கு வரணும். எத்தனை பேரு மொத நாளே இறுக்கமான வரிசையில மாட்டிட்டு அப்புறம் தொளதொளன்னு ஆச்சுன்னு தூக்கி போடறாங்க.

இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் மூக்கு தையல் போடறதில்லன்னு கேப்பீங்க. அங்க தான் இருக்கு சங்கதி. ஒரு ஜாக்கெட்டுக்கு கழுத்து ஹெம்மிங், கை ஹெம்மிங், ஆறு கொக்கி, ஆறு நூல் கண்ணி, எல்லாம் சேத்து எனக்கு வரது 15 ரூபா. தையல் கூலி ஏறிக்கிட்டே இருக்கு, கஸ்டமர் கிட்ட வாங்கற காசு எனக்கு தெரியும், என் கூலி அஞ்சு வருஷமா அப்படியே நிக்குது. மூக்கு தையல் போட்டா ஒரு ஜாக்கெட்டுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகும். ஒரு நாளைக்கு பத்து ஜாக்கெட்னா அம்பது நிமிஷம், அந்த நேரத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு ஜாக்கெட் முடிச்சிடலாமேன்னு தான் எல்லாருக்கும் தோணும். பக்கத்து தெரு பொண்ணுங்க அப்படி தான் பண்றாங்க, அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்க அடுப்பு எரியணும்ல. எனக்கு மட்டும் எங்கம்மா அடிச்சு சொல்லி குடுத்த பழக்கம், விட முடியல. அரசாங்கம் தையல் மெஷின் இலவசமா குடுக்குது, சந்தோஷம், ஆனா கொக்கி கட்றது மெஷின் வேலை இல்ல, கை வேலை, அதுக்கு யாரு என்ன குடுத்தாங்க?

எங்க மாமியாருக்கு வாதம் வந்து வலது கை சரியா வராது. அவங்களுக்கு நான் சின்ன கொக்கி போடறதில்ல, மூணாம் நம்பர் பெருசு, ஆறுக்கு பதிலா நாலு, நூல் கண்ணிக்கு பதிலா நேர் கம்பி கண்ணி, இடது கை ஒண்ணாலயே மாட்டிக்கறாங்க. இதுக்கு முன்னாடி காலையில ஜாக்கெட் போட பேத்திய கூப்பிட்டுட்டு நிப்பாங்க, அவ ஸ்கூலுக்கு ஓடற நேரம். இப்ப கூப்பிடறதில்ல. கொக்கி வேணாம்னு எழுதின அந்த வாசகி வீட்டுலயும் வயசானவங்க இருந்தா, டெய்லர் கிட்ட இத சொல்லி தைச்சு பாக்க சொல்லுங்க.

உங்க கிட்ட கேக்கறது ஒண்ணு தான் ஐயா. மகளிர் பக்கத்துல கோலம் போடறீங்க, சமையல் போடறீங்க, ஒரு வாரம் இந்த மூக்கு தையல படம் போட்டு காட்டுங்க. ஜாக்கெட் வாங்கும்போது உள்பக்கம் திருப்பி கொக்கி அடியில நூல் இருக்கான்னு பாக்க ஜனங்களுக்கு தெரிஞ்சா, டெய்லரு எங்கள கேப்பாரு, நாங்க கூலிய கேப்போம். படம் வரையறவருக்கு புரியலன்னா சொல்லுங்க, ஒரு துணி பிட்டுல மூணு கொக்கி கட்டி தபால்ல அனுப்பறேன், ஒண்ணு காது தையல் மட்டும், ஒண்ணு மூக்கு தையலோட, ஒண்ணு பாதியில ஊசியோட நிறுத்தினது. ஊசி குத்திக்காம பாத்து பிரிங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்