தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுத் தேர்வு விவரமும் நமது கிளை நூலகக் கட்டடமும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துள்ள இவ்வேளையில், தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் பள்ளியின் சார்பில் பொங்கல் நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் காலாண்டைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள்; கணிதத்தில் மட்டும் இன்னும் கவனம் தேவைப்படுகிறது. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவ மாணவியர் பங்கேற்றுப் பரிசுகள் பெற்றுள்ளனர். அவர்களுக்கும், பயிற்சியளித்த ஆசிரியர்களுக்கும் என் பாராட்டுகள். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட்டு இவ்வார இறுதிக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்தில் நான் விரிவாக எழுத வேண்டியிருப்பது, நமது ஊர்க் கிளை நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுப்பும் முயற்சியைப் பற்றி. விடுமுறை நாட்களில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ஒவ்வொரு மாணவரும் நூலகத்துக்கென்று ஆயிரம் ரூபாய் கொண்டுவர வேண்டும் என்றும், தராதவர்களின் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில் பள்ளி கை வைக்கும் என்றும் ஒரு செய்தி பரவியதாக அறிந்தேன். இது முற்றிலும் தவறான செய்தி. நம் பள்ளி அரசுப் பள்ளி. நூலகத்துக்காகவோ வேறெதற்காகவோ எந்த மாணவரிடமும் பணம் கேட்கப்படவில்லை, கேட்கப்படவும் மாட்டாது. மதிப்பெண்ணுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆயிரம் ரூபாய் என்ற தொகை எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்கிவிடுகிறேன். பொது நூலகங்களில் 1000 ரூபாய் செலுத்துவோரைப் புரவலராகச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. விரும்பியவர்கள் நூலகரிடம் நேரில் செலுத்தி ரசீது பெறுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதனைக் குறிப்பிட்டவன் நான்தான். அது கட்டடத்துக்கான பணமும் அன்று, எவர்க்கும் கட்டாயமும் அன்று.

ஆயினும், இந்தத் தவறான எண்ணம் பரவியதில் எங்கள் பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. கூட்டத்துக்கு மறுநாள் ஒரு வகுப்பில், நூலகத்துக்கு உதவ விரும்பும் பெற்றோர்களுக்கான விருப்பப் படிவத்தைக் கொண்டுவந்த மாணவர்களின் பெயர்கள் கரும்பலகையில் எழுதப்பட்டன. நல்லெண்ணத்தில் செய்யப்பட்டதுதான் என்றாலும், படிவம் கொண்டுவராத பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பெற்றோர்களிடமும் பிள்ளைகளிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி நூலகம் தொடர்பான எந்தப் படிவமும் மாணவர்கள் வழியாக வராது.

இனி நூலகத்தின் நிலையைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு வர இயலாத பெற்றோர்களே பெரும்பான்மையினர். அவர்கள் இதனை முழுமையாக அறிய வேண்டும் என்பது என் விருப்பம். நம் கிளை நூலகம் இத்தனை ஆண்டுகளும் வாடகைக்கு எடுத்த ஓர் ஓட்டு வீட்டில்தான் இயங்கி வருகிறது. காலையில் நாளிதழ் படிக்க வருகிற முதியவர்கள் திண்ணையிலும், உள்ளே கூடத்தில் ஒரே நீள மேசையைச் சுற்றி மற்றவர்களுமாக அமர்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடந்த கார்த்திகை மழையில் ஓடு ஒழுகி, வரலாற்று நூல்கள் இருந்த அடுக்கில் இரண்டு வரிசை முழுவதும் நனைந்துவிட்டது. நூலகர் அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து மின்விசிறியின் கீழ் உலர்த்திக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தேன். சில நூல்கள் உலர்ந்தன. பல, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு எடுத்தால் கிழிகிற நிலைக்கு வந்துவிட்டன. இதற்கிடையில், வீட்டின் உரிமையாளர் தம் குடும்பத் தேவைக்காக மே மாதத்துக்குள் வீட்டைக் காலிசெய்து தருமாறு கேட்டிருக்கிறார். இத்தனை காலமும் குறைந்த வாடகைக்கு வீட்டைத் தந்தவர் அவர். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

பேரூராட்சி மன்றம் நூலகத்துக்கென இடம் ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. நமக்கு நாமே திட்டத்தின்படி, மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு தரும். மதிப்பீட்டின் நகல் நம் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் நூலகத் திண்ணையிலும் ஒட்டப்பட்டுள்ளது. மக்கள் பங்கு பிப்ரவரி மாத இறுதிக்குள் சேர்ந்தால்தான் இந்த நிதியாண்டில் பணி ஆணை பெற இயலும். ஆணை கிடைத்துவிட்டால், கட்டடம் எழும் வரை சமுதாயக் கூடத்தின் ஓர் அறையைத் தருவதாகப் பேரூராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். கிடைக்காவிட்டால், மே மாதத்தில் அத்தனை நூல்களும் கட்டுகளாகக் கட்டப்பட்டு எங்கோ ஓர் அறையில் போய்ச் சேரும். கட்டி வைக்கப்பட்ட நூல்கள் மீண்டும் அடுக்குக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், மறுபடியும் எதற்குப் பணம் தர வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம்தான், விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகங்களுக்கென வந்த முதல் சட்டம். அதன்படி இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வசூலிக்கப்பட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செல்கிறது. நம்மைப் போன்ற சிறிய ஊரில் சொத்து வரியே குறைவு. அதில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு இருக்கும் என்பதைத் தங்கள் வீட்டு ரசீதைப் பார்த்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். நூல்கள், பருவ இதழ்கள், வாடகை, மின்கட்டணம் என்று ஆண்டுச் செலவுக்கே அது சரியாகிவிடுகிறது. ஆகவே, வரி கட்டுகிறோமே என்ற கேள்வியைத் தாங்கள் தயங்காமல் கேட்கலாம். அந்த வரியால் இந்தக் கட்டடம் எழாது என்பதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பள்ளியிலேயே நூலகம் இருக்கிறதே என்று சில தாய்மார்கள் கேட்டனர். இருக்கிறது. ஆனால் மாலையில் பள்ளி மணி அடித்ததும் அதுவும் பூட்டப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, கோடை விடுமுறையில் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறிய பிள்ளைக்கு என்றுமே இல்லை. நம் பழைய மாணவர்கள் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப் பாடநூல்களைத்தான் திரும்பப் படிக்கிறார்கள். கிளை நூலகத்தின் அந்த நீள மேசையில் மாலையில் இடம் பிடிப்பவர்கள் அவர்கள்தாம். சென்ற மாதம் அங்கே சென்றபோது, இடம் இல்லாமல் இரண்டு பெண்கள் அடுக்குகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் நம் பள்ளியில் படித்தவர்கள். ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கைகளுக்கு நடுவே படிக்க இயலாமல், அந்தத் தரையை அவர்கள் நாடி வருகிறார்கள்.

எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்பதும், அந்த இடத்தில் திருமண மண்டபம் கட்டினால் ஊருக்கு வருமானம் வருமே என்பதும் என் காதுக்கு வந்த கருத்துகள். கைபேசியை நான் குறை சொல்லவில்லை. கொரோனா காலத்தில் அதன் வழியாகத்தான் பாடம் நடத்தினோம். ஆனால் வீட்டுக்கு ஒரு கைபேசி, அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்கிறார் என்பதனால் எத்தனை பிள்ளைகள் அன்று பாடத்தைத் தவறவிட்டார்கள் என்பதையும் நான் அப்போதுதான் அறிந்தேன். விளக்கு, மின்விசிறி, நாற்காலி, தொந்தரவில்லாத இரண்டு மணி நேரம் ஆகியவற்றைக் கைபேசி தருவதில்லை. திருமண மண்டபம் நம் கடைத்தெருவிலேயே இரண்டு இருக்கின்றன.

நம் வட்டாரத்துக்கு நூலக இயக்கம் புதியதும் அன்று. 1931ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். அதற்குத் துணை நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். அவர் முதலில் என்னைப் போலக் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது. புதிய கட்டடத்தின் வரைபடத்தில் மேல்தளம் எழுப்ப ஏற்றவாறு அடித்தளம் போடச் சொல்லி நாங்கள் வற்புறுத்தியது அந்த விதியை எண்ணித்தான். யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1934இல் ஒரு வாடகை அறையில்தான் தொடங்கியது. ஊர் மக்கள் திரட்டிய பணமும் இரங்கநாதனின் ஆலோசனையும் சேர்ந்து, 1959இல் அது தனக்கெனக் கட்டிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. அந்நூலகம் பின்னாளில் எரிக்கப்பட்ட கொடுமையைத் தாங்கள் அறிவீர்கள். வாடகை அறையிலிருந்து மாளிகை வரை அதைக் கொண்டுசேர்த்தவர்கள் நம்மைப் போன்றவர்கள் என்பதற்காகவே இதனை இங்கே குறிப்பிட்டேன்.

இத்தருணத்தில் ஒன்றைச் சற்றுக் கண்டிப்புடன் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாணவர்கள் எடுத்துச்சென்ற நூலக நூல்கள் பல, தவணை முடிந்து மாதக்கணக்கில் வீடுகளிலேயே தங்கியிருக்கின்றன. நூலகர் அனுப்பிய பட்டியல் என் மேசையில் இருக்கிறது. தொலைந்த ஒவ்வொரு நூலுக்கும் அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். புதுக் கட்டடம் கேட்கிற நாம், இருக்கிற நூல்களைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது சரியன்று. நனைந்திருந்தாலும் கிழிந்திருந்தாலும் இம்மாத இறுதிக்குள் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவ்வாறே, உண்மையா என்று ஒரு முறைகூடப் பள்ளியில் விசாரிக்காமல், பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டு அச்சமூட்டும் செய்திகளைப் பரப்புவதை இனி நான் ஏற்க இயலாது. அச்செய்தியைப் படித்துவிட்டு, செய்முறைத் தேர்வுக்கு வரவே பயமாக இருக்கிறது என்று ஒரு மாணவி தன் வகுப்பாசிரியரிடம் அழுதிருக்கிறாள். ஐயம் இருந்தால் என்னிடம் கேளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் என் அறை பெற்றோர்களுக்குத் திறந்தே இருக்கும்.

அச்செய்தியைப் பகிர்ந்தவர்களிலும் பலர், தம் பிள்ளையின் நலம் குறித்த கவலையில்தான் அப்படிச் செய்திருப்பார்கள் என்பதை உணர்கிறேன். இந்த ஆண்டு மழையால் சம்பா பாதிக்கப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் கைக்கு வரும் முன்பே கடன்காரர் வாசலில் நிற்கும் நிலையையும் நான் அறிவேன். கொடுக்க இயலாதவர்கள் எவரும் தயக்கமோ கூச்சமோ கொள்ள வேண்டாம். கொடுக்க இயன்றவர்கள், தொகை எவ்வளவாயினும், பேரூராட்சி செயல் அலுவலர் பெயரில் வங்கி வரைவோலை எடுத்துப் பேரூராட்சி அலுவலகத்தில் நேரில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். சிறு தொகைக்கு வரைவோலை எடுப்பது சிரமம் என்பதால், ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து ஒரே வரைவோலையாக எடுக்கலாம். வடக்குத் தெருவில் ஏற்கெனவே அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆசிரியர்களிடமோ மாணவர்களிடமோ பணமாக எதையும் தர வேண்டாம். பள்ளியின் பெயரைச் சொல்லி எவரேனும் வீட்டுக்கு வந்து கேட்டால், உடனே எனக்குத் தெரிவியுங்கள்.

பணமாகத் தர முடியாத ஒருவர் என்னைச் சந்தித்தார். நம் பள்ளியில் அவருக்கு இரண்டு பிள்ளைகள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கட்டடப் பணி ஒப்பந்தப்புள்ளி வழியாகத்தான் நடக்கும் என்பதால் அவருடைய உழைப்பை மக்கள் பங்கில் சேர்க்க வழியில்லை என்று சொன்னேன். அப்படியானால், பழைய நூலகத்தின் துருப்பிடித்த இரும்பு அடுக்குகளைப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோகும் முன் சீர்செய்து சாயம் பூசித் தருகிறேன் என்றார். நூலகரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, மேலிடத்தில் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். அந்தப் பட்டறை உரிமையாளருக்கும், கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்டவர்களுக்கும், இதுவரை பங்களித்தவர்களுக்கும், எந்த உதவியும் செய்ய இயலாத நிலையிலும் பிள்ளையை நாள்தோறும் நூலகத்துக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி அரங்கில் நூலகரும் வாசகர் வட்டத்தினரும் கட்டட வரைபடத்துடன் வந்து தங்கள் கேள்விகளுக்கு விடையளிப்பார்கள். வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களுக்காக ஆறு மணி வரை காத்திருப்போம். நூல்களைத் திருப்பித் தர நூலகத்துக்கே செல்லலாம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதை நினைவில் கொள்ளவும். அங்கே செல்ல நேரமில்லாதவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால், என் அறை வாசலில் வைத்துள்ள பெட்டியில் போட்டுவிடலாம். யார் போட்டது என்று நாங்கள் பார்க்க மாட்டோம்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்