முதல் பருவமும் ஆங்கில வீட்டுப்பாடமும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். சுதந்திர தின விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. எல்லோருக்கும் வாழ்த்துகள். குடிநீர்க் குழாய்களும் சரிசெய்தாயிற்று.

அப்புறம், ஆறாம், ஏழாம் வகுப்பு ஆங்கில வீட்டுப்பாடம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

இந்தப் பருவத்தில் அட்ஜெக்டிவ், அதாவது ஒன்று எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல், நடத்தினோம். வீட்டுப்பாட நோட்டுகளில் அநேகமாக எல்லா விடையும் சரி. அதே பிள்ளைகள் தேர்வில் 'ஹி இஸ் வெரி ஹைட்', 'ஷி பியூட்டிஃபுல்' என்று எழுதியிருக்கிறார்கள். நோட்டில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இல்லை. போனில் கேட்டால் விடை வந்துவிடும் என்பதும் தெரியும். வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் பிள்ளை நோட்டை நீட்டினால், நாமே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும்தான். அக்கறையில் செய்வதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தத் தவறுகள் எங்களுக்கு வேண்டும். 'ஹைட்' (உயரம்) என்று எழுதும் பிள்ளை சோம்பேறி இல்லை. தமிழில் 'அவன் நல்ல உயரம்' என்று நவுனை, அதாவது பெயர்ச்சொல்லை, வைத்தே முடித்துவிடலாம், நடுவில் 'இஸ்' மாதிரி எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'டால்' (உயரமான) என்ற அட்ஜெக்டிவும் வேண்டும், 'இஸ்'ஸும் வேண்டும். 'டால் பாய்' என்று நவுனுக்கு முன்னால் போடுவது பிள்ளைகளுக்குச் சுலபமாக வருகிறது, 'உயரமான பையன்' போலத்தானே. 'பாய்' போய், அதற்குப் பதிலாக 'ஹி' (அவன்) என்ற ப்ரோநவுன், அதாவது பெயருக்குப் பதில் நிற்கும் சொல், வந்தால்தான் சிக்கல். 'டால் ஹி' என்று எழுத முடியாது, 'ஹி இஸ் டால்' என்றுதான் வர வேண்டும். 'சம்திங்' (ஏதோ ஒன்று) வந்தாலோ அட்ஜெக்டிவ் அதற்குப் பின்னால் போய்விடும்: 'சம்திங் நியூ'. பையன்கள் பலரானாலும் 'டால்' மாறாது, ஆனால் 'திஸ் பாய்' மட்டும் 'தீஸ் பாய்ஸ்' ஆகிவிடும். இதில் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று நோட்டில் தெரிந்தால்தான் மறுநாள் அதைத் திரும்ப நடத்த முடியும். எல்லாம் சரியாக இருந்தால் ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

ஆகவே, பெரியவர்கள் எழுதிய வீட்டுப்பாடம் இனிமேல் திருத்தப்படாது. பிள்ளை அதை வகுப்பில் உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட திருத்தத்தை வீட்டில் அடித்து அனுப்புவதும், அதற்காக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியரைக் கேள்வி கேட்பதும் இத்துடன் நிற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பள்ளி விட்டதும் நேரில் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

தங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே என்று சிலர் வருத்தப்படுகிறீர்கள். அது ஒரு குறையே இல்லை. பிள்ளை எழுதியதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'டால்' என்று வந்தால், 'யார் டால்?' என்று கேளுங்கள். அந்த நவுனையோ ப்ரோநவுனையோ பிள்ளை விரல் வைத்துக் காட்டினால் போதும். தப்பாகக் காட்டுகிறதோ என்று தோன்றினாலும் திருத்தாமல், கீழே கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.

இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் தினமும் நோட்டைத் திறந்து பார்க்கும் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: மழைக்காலம் தொடங்குகிறது. குடையிலும் ரெயின்கோட்டிலும் பிள்ளையின் பெயர், வகுப்பு எழுதி அனுப்பவும்.